ஜெயித்தது சீட்டா, மூளையா? போக்கர் டிராக்கர் 4, பிரைம்டோப் இரண்டையும் வைத்துப் பார்த்ததில்

போக்கர் டிராக்கர் 4, ஆன்லைனில் போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறவர்களின் ஆட்டத்தைப் பதிவுசெய்து கணக்குக் காட்டும், காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள், 14 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். பிரைம்டோப்பின் வேரியன்ஸ் கால்குலேட்டர், அதாவது அதிர்ஷ்டத்தால் லாப நஷ்டம் எவ்வளவு ஊசலாடும் என்று கணக்கிடும் பக்கம், இலவசம், இணையத்தில் திறந்து நாலு எண்ணைத் தட்டினால் போதும். இரண்டையும் ஒரே விமர்சனத்தில் சேர்த்து எழுதக் காரணம், முதலாவது "நீ இவ்வளவு ஜெயித்திருக்கிறாய்" என்று காட்டும், இரண்டாவதுதான் "அதை வைத்து இன்னும் ஒரு முடிவுக்கும் வராதே" என்று சொல்லும். ஆடுகிற பையன்களில் பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். காசு வைத்து ஆடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் என்னிடம் படித்துவிட்டுப் போன பையன்களில் சிலர் ஆடுகிறார்கள், அதில் ஒருவன் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டுக்கொண்டு மடிக்கணினியோடு வந்தான், அதனால்தான் இந்த இரண்டையும் உட்கார்ந்து நோண்ட வேண்டி வந்தது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை. அப்பா, அம்மா இரண்டு பேரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து படிக்க வைத்தார்கள். இவனுக்கு ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் வராமல் போனில் ஆரம்பித்த ஆட்டம், இப்போது கணினியில் நாலு டேபிள்.

அவன் கையில் இருந்தது ஒரு லாப வரைபடக் கோடு. 12,000 கை (சீட்டைப் பிரித்துப் போட்டு ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு கை) ஆடியிருக்கிறான், 5 சென்ட்/10 சென்ட் பிளைண்ட் (சீட்டு வருமுன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் காசு, ஒன்று சிறியது, ஒன்று பெரியது), ஆறு பேர் மேசை, 100 கைக்கு 9 பெரிய பிளைண்ட் என்ற கணக்கில் லாபம். டாலரில் 108, நம் காசுக்கு 450 வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். கோடு இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகிறது. டெலிகிராமில் பயிற்சி விற்கிற ஒரு குழுவுக்கு 600 வெள்ளி கட்டியிருக்கிறான், அந்தக் குழுக்காரர்கள் இந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு "நீ ரெடி, மேலே போ" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் 12,000 கையைப் பார்த்து ஒரு பையனை வேலையை விடச் சொல்கிறவர்களுக்குக் கணக்கு தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்கிறார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குக் கோபம்தான்.

சரி, போக்கர் டிராக்கரைப் பார்ப்போம். ஆட்டத் தளம் ஒவ்வொரு கையையும் ஒரு உரைக் கோப்பாகக் கணினியில் சேமித்துத் தந்தால், இது அதையெல்லாம் வாசித்து ஒரு தரவுத்தளமாக அடுக்கிவிடும். எந்த இடத்தில் உட்கார்ந்து ஆடினாய், எத்தனை முறை பணத்தைப் போட்டு உள்ளே போனாய், எத்தனை முறை பந்தயத்தை ஏற்றினாய், எந்தச் சீட்டில் எவ்வளவு போனது, எல்லாம் வரும். விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். முதல் முறை திறக்கும்போது எண்கள் கொட்டுகிற கொட்டில் தலை சுற்றும், ஆங்கிலமும் ஆட்டக்காரர்களின் சுருக்கச் சொற்களும் கலந்து இருக்கும், பழக இரண்டு மூன்று சாயங்காலம் ஆகும். பழகிய பிறகு நன்றாகவே இருக்கிறது, தேடியது கிடைக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது வரைபடத்தில் வரும் இரண்டாவது கோடு. ஆல்-இன் ஈ.வி. என்று சொல்வார்கள், இருக்கிற எல்லாக் காசையும் வைத்த (ஆல்-இன்) கைகளில் சராசரியாக எவ்வளவு வர வேண்டும் என்ற கோடு. உதாரணத்துக்கு, உங்களிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங், ஃப்ளாப் (மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு) வருவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் எல்லாக் காசையும் உள்ளே தள்ளிவிட்டீர்கள், பாட்டில் (நடுவில் சேர்ந்த மொத்தப் பந்தயக் காசில்) 200 டாலர். ஏஸ் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 82 விழுக்காடு. நடந்தது என்னவோ, ஒன்று 200 வரும் இல்லையென்றால் சுத்தமாகப் போகும். ஈ.வி. கோடு அந்த இரண்டையும் கண்டுகொள்ளாமல் உங்கள் பெயரில் 164 எழுதிவிடும். அதாவது காசெல்லாம் உள்ளே போன பிறகு விழுந்த சீட்டுக்கு உங்களைப் பாராட்டவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன் என்கிறது. பையனின் தரவில் உண்மையான கோடு 9-இல் நின்றபோது இந்தக் கோடு 5-இல் நின்றது. அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஆல்-இன் போட்ட இடங்களில் அவனுக்கு வர வேண்டியதைவிட அதிகமாகவே வந்திருக்கிறது, அதைத் திறமைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆனால் பலர் இந்தக் கோட்டோடு நின்று "அதிர்ஷ்டத்தைக் கழித்தாகிவிட்டது, மீதி 5 என் திறமை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். கழிந்தது அதிர்ஷ்டத்தில் ஒரு துண்டுதான். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறை வரும், உங்களுக்கு வந்த நேரத்தில் எதிராளிக்கு நல்ல சீட்டு இருந்து காசு உள்ளே வந்ததா அல்லது எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டு, அதாவது சீட்டைக் கைவிட்டுவிட்டு, போனார்களா என்பது உங்கள் கையில் இல்லை. கையில் ஜோடி இருந்தால் ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு சேர்வது எட்டரைக்கு ஒரு முறை. சேர்ந்த அன்று எதிரில் இருப்பவனுக்கு அதைவிடப் பெரிய மூன்று விழுந்திருந்தால் உலகத்தில் யாராலும் தப்பிக்க முடியாது, அந்த நஷ்டத்தை ஈ.வி. கோடு கிட்டத்தட்ட முழுக்க உங்கள் தலையில்தான் எழுதும். மேசையில் எப்படிப்பட்ட ஆள்கள் உட்கார்ந்தார்கள் என்ற அதிர்ஷ்டமும் அதற்குள் இல்லை.

அப்புறம் பிரைம்டோப். கேஷ் ஆட்டத்துக்கான (ஒவ்வொரு கையிலும் நேரடியாகக் காசு வைத்து ஆடுவது) பக்கத்தில் வெற்றி வீதம், திட்ட விலகல், எத்தனை கை, இவைதான் முக்கியமாகக் கேட்கும். வெற்றி வீதம் 100 கைக்கு எத்தனை பெரிய பிளைண்ட் என்ற அளவில். திட்ட விலகல் என்பது முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு ஊசலாடுகின்றன என்ற அளவு, அதை டிராக்கரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆறு பேர் ஆடும் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் அது 100 கைக்கு 100 பிளைண்ட்டை ஒட்டி இருப்பது சாதாரணம். பொத்தானை அழுத்தினால் எதிர்பார்க்கும் லாபம், 70 விழுக்காட்டு எல்லை, 95 விழுக்காட்டு எல்லை, அத்தனை கைக்குப் பிறகும் நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு, தேவையான குறைந்தபட்ச முதல், எல்லாம் வரும். கூடவே அதே திறமையுள்ள பல பேர் ஆடினால் எப்படியெல்லாம் போகும் என்று வண்ண வண்ணக் கோடுகள். எந்தப் பள்ளி நூலிலும் நிகழ்தகவை இவ்வளவு தெளிவாகக் காட்டி நான் பார்த்ததில்லை. ஒரே திறமை, ஒரே எண், ஒரு கோடு வானத்துக்கு ஏறுகிறது, ஒரு கோடு தரைக்குக் கீழே போகிறது.

எண்களைக் கொடுத்துவிடுகிறேன், நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். ஒருவர் உண்மையிலேயே 100 கைக்கு 5 பிளைண்ட் ஜெயிக்கிற நல்ல ஆட்டக்காரர், விலகல் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கை ஆடி முடித்த பிறகு அவர் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 31 விழுக்காடு. 50,000 கைக்குப் பிறகு 13. ஒரு லட்சம் கைக்குப் பிறகும் 6 விழுக்காட்டுக்குப் பக்கத்தில். இதைக் கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள், 100 கைக்கு 5 பிளைண்ட் தோற்கிற மோசமான ஆட்டக்காரரில் பத்தில் மூன்று பேர் 10,000 கைக்குப் பிறகு லாபத்தோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மூன்று பேர்தான் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். தோற்ற ஏழு பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். மாமாக் சாப்பாட்டுக் கடையில் நம் காதில் விழுவதெல்லாம் ஜெயித்த கதையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கால்குலேட்டரை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். வெற்றி வீதம் என்ற கட்டத்தில் பையன் தன் 9-ஐப் போட்டான். போட்டவுடன் எல்லாம் பசுமையாக வந்தது. நஷ்டத்துக்கு வாய்ப்புக் குறைவு, முதல் கொஞ்சம் போதும், மாதா மாதம் லாபம். ஆனால் அந்தக் கட்டம் கேட்பது உண்மையான வீதத்தை. அது என்ன என்று தெரியாமல்தானே இங்கே வந்தோம்? தெரியாததைத் தெரிந்ததாகப் போட்டால் கருவி நாம் நம்ப ஆசைப்பட்டதையே திருப்பிச் சொல்லும். கருவியின் மேல் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கட்டத்தின் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்திருக்கலாம்.

நான் செய்யச் சொன்னது வேறு. வெற்றி வீதத்தில் பூஜ்யத்தைப் போடு என்றேன். திறமையே இல்லாத, ஜெயிக்கவும் இல்லாமல் தோற்கவும் இல்லாமல் நிற்கிற ஓர் ஆளை நினைத்துக்கொள். அவன் 12,000 கை ஆடினால் உன்னுடைய 9 வருமா? வரும், ஆறு பேரில் ஒருவருக்கு வரும். சரி, ரேக் (தளம் எடுத்துக்கொள்ளும் கட்டணம்) கட்டிவிட்டு 100 கைக்கு 3 பிளைண்ட் தோற்கிற ஆள் என்று வைத்துக்கொள், அவர்களிலும் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு இதே கோடு விழும். 12,000 கையை வைத்து 9-ஐச் சுற்றி இரண்டு பக்கமும் 18 பிளைண்ட் இடைவெளி விட்டுத்தான் பேச முடியும், அதாவது உன் உண்மையான வீதம் −9-இலிருந்து +27 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதைக் கேட்டு அவன் "அப்படியென்றால் நான் ஆடத் தெரியாதவனா சார்?" என்று கேட்டான். அப்படியும் சொல்லவில்லை. தெரிந்தவனாகவும் இருக்கலாம், இந்தக் கோடு அதைச் சொல்லாது, அவ்வளவுதான். இடைவெளியை இரண்டு பக்கமும் 2 பிளைண்ட்டாகச் சுருக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்து லட்சம் கை ஆட வேண்டும். நாலு டேபிளில் மணிக்கு 300 கை என்றால் முழுநேர வேலையாக ஒன்றரை வருடத்துக்கு மேல்.

பெரிய இடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 2015-இல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிளாடிகோ என்ற கணினி நிரலோடு நாலு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 80,000 கை ஆடினார்கள். மனிதர்கள் 100 கைக்கு 9 பிளைண்ட் சொச்சம் முன்னால் வந்தார்கள். பார்க்கப்போனால் நம்ம பையனின் அதே 9. ஆனாலும் ஆய்வாளர்கள் புள்ளியியல்படி இது சமநிலை என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, அந்த வாதத்தில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2017-இல் அதே பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் வந்தது, டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் எழுதியது. இந்த முறை 120,000 கை, 100 கைக்கு 14.7 பிளைண்ட் வித்தியாசத்தில் கணினி ஜெயித்தது, யாரும் தகராறு செய்யவில்லை. அந்தப் போட்டியில் அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஒரு நல்ல வேலை செய்தார்கள், ஓர் அறையில் மனிதனுக்கு விழுந்த சீட்டு இன்னோர் அறையில் கணினிக்கு விழும்படி கைகளைத் திருப்பிப் போட்டார்கள். சீட்டு நன்றாக விழுந்தது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

அப்படியென்றால் போக்கரே அதிர்ஷ்டம்தானா என்று கேட்டால் அதுவும் தப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் 2010 உலகப் போக்கர் தொடரை எடுத்து ஆராய்ந்தார்கள். தொடர் தொடங்குவதற்கு முன்பே திறமைசாலிகள் என்று குறிக்கப்பட்டவர்கள் போட்ட காசுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் லாபம் எடுத்திருந்தார்கள், மற்றவர்கள் மொத்தமாக 15 விழுக்காட்டுக்கு மேல் நஷ்டம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆன்லைன் ஆட்டத்தில் 1,500 கைக்கு மேல் போனால் திறமை அதிர்ஷ்டத்தை மிஞ்சுகிறது என்கிறது. பையன் இதை எங்கோ பார்த்துவிட்டு என்னிடம் காட்டினான், "சார், 1,500 போதுமாம், நான் 12,000 ஆடியிருக்கிறேன்." இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அந்த ஆய்வு பேசுவது பெரும் கூட்டத்தைப் பற்றி, நல்ல ஆட்டக்காரர்கள் என்ற கூட்டத்தையும் மோசமான ஆட்டக்காரர்கள் என்ற கூட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் எத்தனை கையில் வித்தியாசம் தெரியும் என்று. ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அந்தத் திறமை உன்னிடம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. இரண்டும் வேறு வேறு கேள்வி, விளம்பரம் செய்கிறவர்கள் முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவது கேள்வியின் கீழே ஒட்டிவிடுகிறார்கள்.

எங்கள் பாட்டி காலத்தில் பால்மரம் வெட்டுகிறவரின், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவரின், கைத்திறனை ஒரு நாள் பாலை வைத்து எடை போட மாட்டார்கள். மழை வந்தால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் நிற்காது, மரத்துக்கு வயதானால் சுரப்பு குறையும். அனுபவசாலிகள் மரத்தின் பட்டையைத்தான் பார்ப்பார்கள், எவ்வளவு மெல்லியதாகச் சீவியிருக்கிறது, கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தியிருக்கிறதா என்று. போக்கர் டிராக்கரை நான் சிபாரிசு செய்வதும் இந்தப் பட்டையைப் பார்க்கத்தான். லாபக் கோட்டுக்காக வாங்க வேண்டாம், முடிவுகளைப் பார்க்க வாங்குங்கள்.

ஏனென்றால் லாபம் நிலைப்படப் பல லட்சம் கை வேண்டும், ஆனால் எத்தனை விழுக்காட்டுக் கைகளில் உள்ளே போகிறாய் என்பது சில நூறு கையிலேயே தெரிந்துவிடும். ஒரு சோதனை சொல்கிறேன். பெரிய பிளைண்ட் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கையையும் பார்க்காமலே ஃபோல்ட் செய்கிறவர் அந்த இடத்தில் 100 கைக்குச் சரியாக 100 பிளைண்ட் இழப்பார். சிறிய பிளைண்ட்டில் 50. எல்லோரும் இந்த இரண்டு இடத்திலும் தோற்கத்தான் செய்வார்கள், நல்லவர்கள் அதைவிட எவ்வளவோ குறைவாகத் தோற்பார்கள். டிராக்கரில் இடவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பையன் சிறிய பிளைண்ட்டில் 50-ஐத் தாண்டித் தோற்றிருந்தான். அதாவது அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஃபோல்ட் செய்திருந்தால் கூடக் காசு மிஞ்சியிருக்கும். அந்தக் கைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம், யாராவது ஏற்றினால் கையில் ஒரே சின்னத்தில் எந்த இரண்டு சீட்டு இருந்தாலும் கூடவே போயிருக்கிறான், ஃப்ளாப்பில் ஒன்றும் படாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறான். இது சீட்டின் குற்றம் இல்லை. திருத்த முடிகிற விஷயம். 600 வெள்ளி வாங்கிய குழு இதைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு பழைய கணக்கும் இதோடு சேரும். 2009-இல் சிஜிட்டல் என்ற நிறுவனம் போக்கர் ஸ்டார்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் ஆடப்பட்ட 10 கோடியே 30 லட்சம் கைகளை ஆராய்ந்ததில் 75.7 விழுக்காட்டுக் கைகள் சீட்டைக் காட்டாமலே முடிந்திருந்தன. நாலில் மூன்று கையில் யாருக்கு என்ன சீட்டு என்பதே வெளியில் வருவதில்லை, ஏற்றுவதும் விடுவதும்தான் தீர்மானிக்கிறது. டிராக்கரின் வரைபடத்தில் சீட்டைக் காட்டி ஜெயித்தது ஒரு கோடாகவும் காட்டாமல் ஜெயித்தது இன்னொரு கோடாகவும் பிரிந்து வரும், அந்தப் பிரிவு இதனால்தான் பயனுள்ளது.

இனி காசுக் கணக்கு, எனக்கு மிகவும் கவலையாக இருந்த பகுதி. அவனை 5 பிளைண்ட் ஆட்டக்காரன் என்றே ஒத்துக்கொள்வோம். 10 சென்ட் டேபிளில் அது 100 கைக்கு 50 சென்ட். நாலு டேபிள், மணிக்கு 300 கை, மணிக்கு ஒன்றரை டாலர். மாதம் 160 மணி நேரம் ஆடினால் 48,000 கை, 240 டாலர், ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி. இங்கே குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி, அதற்கு இ.பி.எப். (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) வேறு. அந்த ஆயிரமும் நிச்சயம் கிடையாது, அதே 48,000 கையில் திட்ட விலகல் 219 டாலர், ஆகவே ஏழு மாதத்தில் ஒரு மாதம் போல் முழு மாதமும் உட்கார்ந்து ஆடிவிட்டுக் கையிலிருந்து காசு போகும். கைமுதல் எல்லாம் கரைந்துபோகும் அபாயத்தை 5 விழுக்காட்டுக்குள் வைக்கச் சுமார் 3,000 பெரிய பிளைண்ட் முதல் வேண்டும், உண்மையான வீதம் 5 இல்லாமல் 2.5 என்றால் 6,000. அவன் இ.பி.எப். பிளெக்சிபல் கணக்கிலிருந்து எடுத்து முதல் போட்டு, மேல் டேபிளுக்குப் போகலாம் என்று இருந்தான். மேல் டேபிளில் ஆள்களும் மேலானவர்கள், கீழே எடுத்த வீதம் அங்கே அப்படியே கூட வராது. வயதான காலத்துக்கு அரசாங்கமே பிடித்துவைத்த காசு அது. வேண்டாம் என்று நான் கெஞ்சாத குறைதான்.

வீட்டில் அவன் அம்மா கேட்டது இன்னொன்று, "நம்பர் எழுதுவதும் இதுவும் ஒன்றுதானே ஐயா?" இல்லை. நாலு நம்பர் லாட்டரியில் பெரிய பந்தயத்துக்கு ஒரு வெள்ளி போட்டால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்து ஸ்பெஷல் தலா 180, பத்து ஆறுதல் தலா 60. எல்லாவற்றையும் கூட்டிப் பத்தாயிரத்தால் வகுத்தால் போட்ட ஒரு வெள்ளிக்கு 64 சென் திரும்பி வரும். கனவில் வந்த நம்பரோ வண்டி நம்பரோ, எதை எழுதினாலும் அந்த 64 சென் மாறாது. போக்கரில் அது ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் அளக்கவே முடிகிறது. ஆனால் தளம் பொதுவாகப் பாட்டில் 5 விழுக்காடு வரை ரேக் எடுப்பதால் மேசையில் இருக்கிற எல்லோரையும் கூட்டினால் மொத்தம் நஷ்டம்தான், அந்த ரேக்கையும் தாண்டி மற்றவர்களைவிட நன்றாக ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் மிச்சம். அம்மாவுக்கு இந்த விளக்கம் ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும் பந்தயச் சட்டமும் இங்கே நடப்பில் இருக்கின்றன, திறமை என்று நிரூபித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று தீர்ப்புச் சொன்னது, அதை இங்கே பகிர்ந்து "பார்த்தீர்களா" என்கிறார்கள். அதற்குப் பிறகு 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்து சட்டம் போட்டதைப் பகிர்வதில்லை.

கருவிகளின் குறைகளுக்கு வருகிறேன். டிராக்கர் ஓட வேண்டுமென்றால் கை வரலாறு கோப்பாகக் கிடைக்க வேண்டும். இங்கே ஏஜண்ட் வழியாகப் புள்ளி வாங்கி ஆடுகிற கிளப் ஆப்களில் அப்படிக் கோப்புக் கிடைக்காவிட்டால் உங்கள் ஆட்டத்தை அளக்க வழியே இல்லை, அந்த ஆப்பில் ஏமாற்று நடக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்சல்யூட் போக்கர், அல்டிமேட்பெட் ஆகிய தளங்களில் உள்ளே இருந்தவர்கள் எதிராளியின் சீட்டைப் பார்த்து ஆடியது 2007, 2008-இல் வெளியானது, அதை மோப்பம் பிடித்தவர்கள் ஆட்டக்காரர்கள்தான். கை வரலாறுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சில கணக்குகளின் வெற்றி வீதம் எந்த மனிதனாலும் எட்ட முடியாத தூரத்தில் இருந்தது. அதிர்ஷ்டத்தை அளக்கிற அதே கணக்குதான் திருடனையும் காட்டியது. கோப்புத் தராத இடத்தில் காசு போடாதீர்கள், இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

பிரைம்டோப்பில் குறை என்றால், திறமை மாறாமல் ஒரே மாதிரி இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் இரவு ஷிப்ட் முடித்த களைப்பில் ஆடுகிற 100 கையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடுகிற 100 கையும் ஒன்றல்ல. தோற்ற கோபத்தில் ஆடுகிற ஆட்டம் இன்னும் வேறு. டிராக்கரில் நேரத்தை வைத்து வடிகட்டிப் பார்க்கலாம், பார்க்க வேண்டும். பையனின் இரவு ஷிப்ட் நாள்களைத் தனியாகப் பிரித்தால் கைகள் குறைவு, அதனால் லாப நஷ்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நாள்களில் அவன் உள்ளே போகிற விழுக்காடு தெளிவாக ஏறியிருந்தது.

டோர்னமெண்ட் மட்டும் ஆடுகிறவர்கள் கேஷ் ஆட்டக் கால்குலேட்டரைத் தொட வேண்டாம், பிரைம்டோப்பில் அதற்குத் தனிப் பக்கம் இருக்கிறது. எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை பேருக்குப் பரிசு, நுழைவுக் கட்டணம், ரேக், உங்கள் லாப விழுக்காடு, இவற்றைக் கேட்கும். ஆயிரம் பேர் போட்டியைப் போட்டுப் பாருங்கள், பரிசுக் காசில் பெரும்பகுதி மேலே உள்ள சில இடங்களுக்கே போவதால் ஆட்டம் எப்படி ஊசலாடுகிறது என்று தெரியும், நல்ல ஆட்டக்காரர் ஆயிரம் போட்டி ஆடிய பிறகும் நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு சின்னதாக இருக்காது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் ஆன்லைன் தகுதிச் சுற்று வழியாக நுழைந்து உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்ததைப் பார்த்துத்தான் உலகமே ஆட வந்தது, அந்த ஒரு போட்டியை வைத்து அவர் திறமையை யாராலும் அளக்க முடியாது.

போக்கர் டிராக்கரை முதலில் 14 நாள் இலவசமாகவே ஓட்டுங்கள், பழைய கைகளை உள்ளே ஏற்றி இடவாரியான கணக்கைப் பார்க்க அந்த நாள்களே தாராளம், வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம். பிரைம்டோப்பில் பூஜ்யத்தில் ஆரம்பியுங்கள். என் மாணவன் இன்னும் வேலையில்தான் இருக்கிறான், இ.பி.எப். காசையும் தொடவில்லை. சிறிய பிளைண்ட்டில் எந்தச் சீட்டை விட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறான், அடுத்த முறை தரவைக் கொண்டுவரும்போது அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.